துருக்கைக்காரி

கிளவுஸ் அக்காவுக்கு இரும்பைக் கண்டால் பயம். இரும்புக்கு அக்காவைக் கண்டால் பயம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவள் பதினெட்டு வருடமாக எங்கே வேலை பார்க்கிறாள் தெரியுமா? மியூசியத்தில், கவசக் கூடத்தில். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் போட்டுக்கொண்ட எஃகுக் கவசங்கள் இருபத்தாறு. அவற்றில் ஒரு பொட்டுத் துரு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. சிரிக்காதீர்கள், முழுக்கதையையும் கேளுங்கள்.

இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு பேரிங் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே படிப்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். பளபளவென்று தேய்த்த எஃகு உருண்டை ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, ஐந்து நிமிடம் மூடிப் பிடிக்கச் சொல்லி, பெயர் எழுதிய கிண்ணத்தில் வாங்கிப் போட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மற்றவர்களுடைய உருண்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. இவளுடையது மட்டும் செங்கல் பொடியில் புரட்டி எடுத்த மாதிரி கிடந்தது. சூப்பர்வைசர் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "துருக்கைம்மா உனக்கு. சில பேரு வேர்வை அப்படித்தான். நீ தொட்ட பேரிங் ஒரு வாரம் தாங்காது. வீட்டுக்குப் போ" என்றார். முப்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேட் வரை அவளோடு வந்தது. கேட்டைத் தாண்டியும் வந்தது என்பதுதான் சங்கடம்.

கல்யாணம் ஆனது ஒரு தையல்காரரோடு. ஊசி, கத்திரி, மெஷின், குண்டூசி என்று வீடு முழுக்க இரும்பு. புதுப்பெண் ஆசையாக அவருக்கு உதவப் போனாள். ஒரு வெள்ளைச் சட்டைக்கு அவள் குத்தி வைத்த குண்டூசிகள் இரண்டு நாளில் துருவேறி, தோளில் இருந்து இடுப்பு வரை வரிசையாகப் பழுப்புப் புள்ளி வைத்துவிட்டன. சட்டைக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். தையல்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. புதுத் துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கே அக்கா தனக்குத் தானே ஒரு முடிவு செய்துகொண்டாள். இனி அவருடைய சாமான் எதையும் தொடுவதில்லை. தொடவும் இல்லை. இப்போது அவருக்குக் கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணைக் கூப்பிடும்போதுகூட, அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். கட்டிய கைக்குள் விரல்கள் துடிக்கும். அது அவருக்குத் தெரியாது.

மியூசியத்தில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். கவசம் துடைத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, "யாருக்கும்மா பொறுமை ஜாஸ்தி?" என்று கேட்டார்கள். எல்லோரும் அவளைக் காட்டினார்கள். அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், தினமும் காலையில் பெருக்கும்போது நடுக்கூடத்தில் நிற்கும் அந்த உயரமான கவசத்தை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. ஆறரை அடி இருக்கும். 'நெட்டையன்' என்று அவளே பெயர் வைத்திருந்தாள். அதை ஒருநாளாவது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஒளித்துவிட்டாள். ஒளித்ததற்கு ஒரு விலை உண்டே! மற்றவர்கள் ஒரு கிளவுஸ் போட்டால் இவள் இரண்டு போட்டாள். உள்ளே மெல்லிய பருத்தி, வெளியே ரப்பர். பருத்தி வேர்வையை உறிஞ்சும், ரப்பர் அதை வெளியே விடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கழற்றிப் புதிது மாற்றுவாள். திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் கவச வேலை. முதலில் மென்மயிர் பிரஷால் தூசி தட்டுவது. அப்புறம் ஸ்பிரிட் நனைத்த துணியால் பழைய பிசுக்கு, கைபட்ட கறை எல்லாம் போகத் துடைப்பது. அது உலர்ந்ததும் மெழுகு. பேருக்குப் பூசி, அப்புறம் பஞ்சுத் துணியால் மினுக்குவது. ஸ்பிரிட்டுக்கும் மெழுகுக்கும் நடுவில் யார் கையும் படக்கூடாது. பட்டால் அந்த வேர்வை மெழுகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். டீ குடிக்கும்போதுகூடக் கிளவுஸைக் கழற்ற மாட்டாள் என்று கேலி செய்து, 'கிளவுஸ் அக்கா' என்று பேர் வைத்தவன் கூடத்துக் காவலாளி. அவனுக்கு அவள் வைத்த பேர் 'கொட்டாவி'. காரணம் சொல்லத் தேவையில்லை.

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை நெட்டையனின் மார்க்கவசத்தைக் கழற்றினார்கள். மூன்று தோல்வார் அவிழ்க்க வேண்டும். அதனால் மாதத்துக்கு ஒருமுறைதான் அதன் உட்பக்கத்தைப் பார்ப்பது. ஒரு பக்கம் அக்கா பிடித்தாள். மறுபக்கம் பிடித்தவர், கவசம் மாட்டும் மரப்பொம்மைகளைச் செய்கிற தச்சர். எந்நேரமும் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அவருக்கு 'ஆணி அண்ணன்' என்று பேர். மேசைமேல் கவிழ்த்ததும் ஆணி அண்ணன் வாயிலிருந்த ஆணியைத் துப்பினார்.

"அய்யய்யோ! என்ன தங்கச்சி இது?"

உட்பக்கத்தில் இடது ஓரமாக நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் செம்பழுப்பாகப் பதிந்திருந்தன. மெழுகுக்கு அடியில் துரு பரவி ஓரமெல்லாம் கலங்கிப் போயிருந்தது. விரல் என்று தெரிந்தது, யார் விரல் என்று தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் கிண்ணத்தில் பார்த்த அதே நிறம்.

அவளுக்கு உடனே அந்த நாள் ஞாபகம் வந்தது. போன மாதத் திங்கட்கிழமை. இதே மார்க்கவசத்தின் உட்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முடித்த நேரம், ஜெராக்ஸ் கடைப் பெண் போன் செய்தாள். "அக்கா, அண்ணன் மெஷின் மேலயே சாஞ்சிட்டாரு, உடனே வாங்க!" கவசத்தை மேசையில் போட்டது போட்டபடி ஓடினாள். அவருக்கு ஒன்றும் இல்லை, காலையில் சாப்பிடாமல் இருந்ததில் மயக்கம். மறுநாள் கூடம் திறக்கும் முன்னால் அவசர அவசரமாக வந்து, நேற்றே துடைத்ததுதானே என்று நேராக மெழுகைப் பூசி, மாட்டிவிட்டாள். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. போன் எடுக்கும்போது கிளவுஸைக் கழற்றினாளா? கழற்றிய கையோடு கவசத்தை நகர்த்தி வைத்தாளா? அந்த இடம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் 'பூட்டினோமா?' என்று நிற்கிறோமே, அதே கதை. யோசிக்க யோசிக்க, கழற்றிய மாதிரியும் இருந்தது, கழற்றாத மாதிரியும் இருந்தது.

ஆணி அண்ணன் பார்த்துவிட்டதால் மூடி மறைக்க வழியில்லை. பிரிவு அதிகாரி வந்தார். அவர் இந்தக் கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான். அதற்கு முன் இருபத்தைந்து வருடம் பழைய கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் இருந்தவர். வந்த முதல் நாளே மேசைக்குப் பக்கத்தில் வாஷ்பேசின் எங்கே என்று கேட்டவர். ஒரு ஃபைலைத் தொடும் முன் ஒருமுறை, தொட்ட பின் ஒருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கொட்டாவி அவருக்கு வைத்த பேர் 'கைகழுவி'. அவர் காதில் விழாதவரைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நெட்டையன் வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் போகவேண்டும். வேறொரு மியூசியத்தில் மூன்று மாதம் காட்சிக்கு வைக்க இரவல் கேட்டிருந்தார்கள். அனுப்பும் முன் நிலவர அறிக்கை எழுத வேண்டும்.

"இது சாதாரண கை இல்ல. ஒரே மாசத்துல இப்படி ஏறணும்னா, தொட்டவரோட வேர்வையிலயே கோளாறு இருக்கு. சில பேருக்கு அப்படி உண்டுன்னு படிச்சிருக்கேன்" என்றார்.

அக்கா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவள் அதைச் செய்யவில்லை, கைகள் தாமாகவே போயின.

"கண்டுபிடிச்சுடலாம். ஆணி... அதாவது, தச்சரே, கையகலத்துல நாலு எஃகுத் தகடு வெட்டித் தேய்ச்சு வைங்க. இந்தக் கவசத்தைத் தொட அனுமதி உள்ளவங்க நாலு பேர்தான். நாலு பேரும் புதன்கிழமை கை வைக்கிறோம். தகடுகளை ஈரமான பெட்டியில பூட்டி வெச்சு, வியாழக்கிழமை காலைல திறந்தா தெரிஞ்சுடும். யார் தகடு சிவக்குதோ அவங்க இனிமே இந்தக் கூடத்துல இரும்பு பக்கமே வரக்கூடாது. ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது தலையில் இடியாக இறங்கியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் நேராகக் கணவர் கடைக்குப் போனாள். அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"பதினெட்டு வருஷமா அவங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர், நிமிராமல்.

"எப்படிங்க சொல்றது? வேலை கேக்கப் போற இடத்துல, சார் எனக்கு இந்த வேலைக்கே ஆகாத கை இருக்குன்னா சொல்லுவாங்க?"

"அதுவும் சரிதான்." ஊசியைத் துணியில் குத்திவிட்டு யோசித்தார். "நகப் பாலிஷ் இருக்கில்ல, கலர் இல்லாதது? அதை உள்ளங்கை பூரா அடிச்சிட்டுப் போயேன்."

"விளையாடாதீங்க, எனக்கு உயிரே போகுது!"

"விளையாடல. இல்லன்னா ஜுரம்னு படுத்துக்க."

"நான் படுத்தா, வராதவதான் திருடின்னு எழுதிடுவாரு."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அவங்க உன்னைப் போன்னு சொல்றதுக்கு முன்னாடி நீயே உண்மையைச் சொல்லிடு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல சொல்லிடுவீங்க. நெட்டையனை விட்டுட்டு நான் மறுபடி விளக்குமாத்தைத் தூக்கணும், அதானே? அந்தக் கூடத்தைப் பெருக்கிக்கிட்டே வேற ஒருத்தி அவனைத் துடைக்கிறதைப் பாக்கணும், அதானே?" என்று கத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நூல் தீர்ந்து, புது நூலை ஊசியில் விட முயன்று, மூன்று தடவை தவறவிட்டார். அவள் பக்கத்துக் கடைக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நகப் பாலிஷ் வேண்டாம் என்று சொன்னாளே தவிர, மூளை அதே திக்கில்தான் ஓடியது. புதன்கிழமை காலை, அலமாரியைத் திறந்து கவச மெழுகை விரல்நுனியால் வழித்து, உள்ளங்கை முழுக்கத் தேய்த்துக்கொண்டாள். இரும்பைக் காப்பாற்றும் மெழுகு என்னைக் காப்பாற்றாதா என்று ஒரு நப்பாசை. தப்புதான். அவளுக்கும் தெரியும். பயம் வந்துவிட்டால் நல்லவர்களுக்கும் இப்படித்தான் கை நீளும்.

ஆனால் கைகழுவி சும்மாவா அந்தப் பேரை வாங்கினார்? மேசைமேல் ஸ்பிரிட் பாட்டிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"முதல்ல எல்லாரும் ஸ்பிரிட்ல கை கழுவுங்க. எண்ணெய், க்ரீம் எதுவும் இருக்கக்கூடாது. அப்புறம் ரப்பர் கிளவுஸ் போட்டு பத்து நிமிஷம். நல்லா வேர்க்கட்டும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், நானும் வைக்கிறேன்."

ஸ்பிரிட் துணியால் துடைத்ததும் மெழுகு போயிற்று. அக்காவின் கடைசி நம்பிக்கையும் அந்தத் துணியோடு குப்பைக் கூடைக்குப் போயிற்று. நாலு பேரும் ரப்பர் கிளவுஸ் போட்ட கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் டாக்டர்கள் மாதிரி வட்டமாக நின்றார்கள். கொட்டாவி கொட்டாவி விட்டான், வாயை மூடக் கை இல்லாமல். ஆணி அண்ணன், "சார், எனக்கு வேர்வையே வராது, ரெண்டு தரம் கூடத்தைச் சுத்தி ஓடிட்டு வரட்டா?" என்றார். அக்காவுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. நெஞ்சு அடித்த அடியில் மணிக்கட்டு வரை நனைந்துவிட்டது.

"சார்..." என்று ஆரம்பித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

தகடுகளின் முதுகில் அதிகாரி நம்பர் எழுதினார். ஒன்று அக்கா, இரண்டு தச்சர், மூன்று காவலாளி, நாலு அவர். ஒவ்வொருவரும் கையை அழுத்தி எடுத்தார்கள். ஈரப் பஞ்சு வைத்த கண்ணாடிப் பெட்டியில் தகடுகளை அடுக்கி மூடி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா அன்று சாயங்காலம் போகும்போது நெட்டையனிடம் போய் நின்றாள். மார்க்கவசம் இல்லாமல் மரப்பொம்மையின் மார்பு தெரிந்தது. "உன்னை நான்தான் கெடுத்துட்டேன்டா" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தது, வேலையை விட்டுப் போகத் தயாராகத்தான். அலமாரியில் இருந்த தன் டம்ளர், சீப்பு, மாற்றுச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுவிட்டாள். பருத்தி கிளவுஸ் மூட்டையை மட்டும் எடுக்கவில்லை. வருகிறவளுக்கு உதவட்டும் என்று வைத்தாள்.

பெட்டி திறந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆத்தாடி!" என்றது ஆணி அண்ணனின் குரல். "நாலாம் நம்பர் யாருங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள். மூன்று தகடுகள் சும்மா இருந்தன. அங்கங்கே கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். நாலாவது தகட்டில் ஐந்து விரலும் உள்ளங்கையும் செக்கச்செவேலென்று இருந்தன. ரேகை எண்ணலாம் போல இருந்தது.

நாலாம் நம்பர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரி காகிதத்தை எடுத்துப் பார்த்தார், அவரே எழுதிய காகிதம்தான். தகட்டைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். "இந்த மூலையில ஈரம் ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்றார். குரலில் பலம் இல்லை.

அக்கா முதல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ஒண்ணாம் நம்பர் என்னோடதுதானே? மாத்தி வெச்சிடலையே?"

"உங்களோடதுதான்."

"இருக்க முடியாது சார். எனக்குத்தான் துருக்கை!"

வருடக்கணக்காக அடக்கி வைத்தது ஒரே நொடியில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பேரிங் கம்பெனி, உருண்டை, குண்டூசி, வெள்ளைச் சட்டை, இரண்டு கிளவுஸ், நேற்றுத் தடவிய மெழுகு உட்பட எதையும் விடாமல் சொன்னாள். கொட்டாவி அன்றைக்குத்தான் கொட்டாவி விடாமல் ஒரு கதையைக் கேட்டான்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்திருக்கலாம்மா," என்றார் அதிகாரி மெதுவாக. "வயசு ஏற ஏற வேர்வை மாறும். இப்போ உங்களுக்கு அது இல்ல."

"எப்ப சார் போச்சு?"

"அது யாருக்குத் தெரியும்? நீங்கதான் கிளவுஸைக் கழட்டவே இல்லையே."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவளுக்கு அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. போயே போய்விட்ட ஒன்றுக்குப் பயந்து எத்தனை வருடம் இரண்டு கிளவுஸ் போட்டிருக்கிறாள்! பத்தா, பதினைந்தா? யாரிடம் போய்க் கேட்பது அந்தக் கணக்கை? பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

அப்போதுதான் அதிகாரியைக் கவனித்தாள். அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார். அந்த மனிதர் கிண்ணத்துக்கு முன்னால் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக நின்றுகொண்டிருந்தார்.

"நான் தொட்டேன்," என்றார் அவர். "போன மாசம் திங்கக்கிழமை சாயங்காலம். கவசம் மேசைமேல தனியா கிடந்தது. உட்பக்கம் செஞ்சவனோட முத்திரை இருக்கும்னு தூக்கிப் பார்த்தேன். கையை நல்லா கழுவித் துடைச்சிட்டுத்தான் தொட்டேன். காகிதப் பிரிவுல அதுதாம்மா சட்டம். கிளவுஸ் போட்டா விரலுக்கு உணர்ச்சி இருக்காது, பழைய தாள் கிழிஞ்சிடும். சுத்தமான வெறுங்கைதான் நல்லதுன்னு இருபத்தஞ்சு வருஷம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கேன். இரும்புக்கும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்."

தாள் துருப்பிடிக்காதே! அவர் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிய இத்தனை நாள் வழியே இல்லை.

"இன்னிக்கு அறிக்கையில என் பேரைத்தான் எழுதணும்," என்றவர், எழுதாமல் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயுசுக்கும் என்று அவரே சொன்ன வார்த்தை அந்த அறையில்தான் எங்கேயோ கிடந்தது.

இப்போது அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாப் பழியும் அவர் தலையோடு போயிருக்கும். ஆனால் அவளுக்கு அது முடியவில்லை.

"ஒரு நிமிஷம் சார். உங்க கை பட்டது மட்டும் காரணம் இல்ல. நான் மறுநாள் வந்து நேரா மெழுகு பூசினேன். ஒரு ராத்திரி வெளிய கிடந்ததை மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைக்காம மெழுகு வைக்கவே கூடாது. துடைச்சிருந்தா உங்க வேர்வை அன்னிக்கே போயிருக்கும். அதை உள்ள வெச்சுப் பூட்டினது நான். ரெண்டு பேரையும் எழுதுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு பேரையும் எழுதினார். அக்கா அலமாரிக்குப் போய்ப் பருத்தி கிளவுஸ் மூட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "உள்ள இது, மேல ரப்பர். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க சார். ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க." அந்தக் கடைசி வார்த்தையை அவளிடம் யாராவது அந்தக் கம்பெனி வாசலில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அன்று மதியம் வரை மார்க்கவசத்தோடு போராடினாள். எண்ணெயில் நனைத்த மெல்லிய கம்பிப்பஞ்சால் விரல் விரலாகத் துருவை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, மறுபடி துடைத்து, அப்புறம்தான் மெழுகைத் தொட்டாள். நல்லவேளை, துரு ஆழமாக இறங்கவில்லை. ஆனாலும் ஐந்து விரலின் நிழல் லேசாகத் தங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மூன்று மணிக்கு மியூசிய இயக்குநரிடமிருந்து உத்தரவு வந்தது. அதிகாரி கிளவுஸ் இல்லாமல் எஃகைத் தொடக்கூடாது. அக்காவுக்கு ஒரு மெமோ: 'மெழுகிடும் முன் மறுசுத்தம் செய்யத் தவறியதற்காக எச்சரிக்கப்படுகிறார்.' பதினெட்டு வருடத்தில் அவள் வாங்கிய முதல் மெமோ. அதில் அவள் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடத்தை விட்டுப் போகச் சொல்லியும் ஒரு வார்த்தை இல்லை. நாலாக மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். டம்ளர், சீப்பு, செருப்பு எல்லாம் அலமாரிக்குத் திரும்பின.

சாயங்காலம் கடைக்குப் போனாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன ஆச்சு? வெளிய அனுப்பிட்டாங்களா?"

அவள் மெமோவை நீட்டினாள். அவர் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அவள் தகட்டைப் பற்றிச் சொன்னாள். ஒன்றாம் நம்பர், சுத்தமாக, ஒரு பொட்டு இல்லாமல் இருந்தது என்று சொன்னாள். "எப்பவோ போயிடுச்சாம்ங்க. எப்பன்னு தெரியலையாம். நான்தான் பாக்காம இருந்துட்டேன்."

அவர் 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லக்கூடிய ஆள்தான், அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் கைகளைப் பார்த்தார். பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிட வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். மேசைமேல் கிடந்த ஊசியை எடுத்தார், நூல்கண்டை எடுத்தார், இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

"இந்தா. கோத்துக் குடு."

அவள் பின்வாங்கினாள். "துணி வெள்ளைங்க."

"தெரியுது. எனக்குக் கண்ணுதான் மங்கல், கலர் தெரியும். கோத்துக் குடு."

அக்கா உடுப்பில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு ஊசியை வாங்கினாள். குளிர்ச்சியாக, மெலிசாக இருந்தது. முதல் தடவை நூல் உள்ளே போகவில்லை. நுனியை நாக்கில் நனைத்து, மறுபடி முயன்றாள். போய்விட்டது.